செட்டிநாட்டு வளவுகளும் கலைச் சேகரிப்பும்: ஒரு திறனாய்வு நோக்கு

கலைப்பொருள்களைத் தேடித் தொகுத்து வைத்தல் நெடுங்காலமாக அரசர்க்கும் மத நிறுவனங்களுக்குமே உரிய செயலாக இருந்து வந்தது. வணிக மூலதனம் பெருகிய இடங்களிலெல்லாம் அச்செயலை வணிகரும் மேற்கொள்ளலாயினர். புளோரன்ஸ் நகரத்து மெடிச்சி குடும்பத்தினர் வங்கித் தொழிலால் ஈட்டிய பொருளைக் கொண்டு ஓவியங்களையும் சிற்பங்களையும் தொகுத்தமை ஐரோப்பியக் கலை வரலாற்றில் ஒரு முக்கிய அத்தியாயமாகும். கல்கத்தாவிலே பொன் வணிகக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இராஜேந்திர மல்லிக் 1835 ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய சலவைக்கல் மாளிகை, ஐரோப்பிய ஓவியங்களாலும் சிலைகளாலும் நிரப்பப்பட்டது. தமிழரிடையே இவற்றுக்கு ஒப்பான மாளிகைகள் எங்கேனும் உளவோ என வினவின், விடையாகச் சுட்டப்படுவது செட்டிநாடே. நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் வணிக சமூகத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களிற் கட்டி எழுப்பிய வீடுகளும் அவற்றினுள் அவர்கள் நிறைத்து வைத்த பொருள்களும் இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாக அமைகின்றன.

இவ்வீடுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றை மேற்கொள்வதைக் காணலாம். ஒரு சாரார் அவற்றைக் கலைக்களஞ்சியங்கள் எனப் போற்றுவர். பர்மாத் தேக்குத் தூண்களையும் பெல்ஜியக் கண்ணாடிகளையும் இத்தாலியச் சலவைக்கற்களையும் எண்ணிக்கையிட்டு வியப்பதோடு அவர்தம் பணி நிறைவுறும். மற்றொரு சாரார் இவை வட்டிப் பணத்தின் ஆடம்பர வெளிப்பாடேயன்றி வேறல்ல எனத் தள்ளிவிடுவர். முதலாவது நோக்கு பொருளின் விலையைக் கலையின் தரத்தோடு சேர்த்துக் குழப்புகின்றது. இரண்டாவது நோக்கு, பொருள் எங்ஙனம் வந்தது என்பதைச் சொன்னவுடன் அப்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டிய யாவும் சொல்லி முடிந்துவிட்டதாகக் கருதுகின்றது. திறனாய்வு இவ்விரண்டினையும் கடந்து, இம்மாளிகைகளில் இருந்தவை உண்மையிற் சேகரிப்புகள்தாமா, அவை யாருக்காக இருந்தன, இன்று அவற்றுக்கு நேர்ந்திருப்பது யாது என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

இவ்வினாக்களை வன்னிப் பெருநிலத்து வட்டக்கச்சியில் நின்று கேட்பது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். வட்டக்கச்சி, இரணைமடுக் குளத்து நீரை நம்பி 1950 களில் உருவான குடியேற்றக் கிராமம். காடு வெட்டி, வாய்க்கால் கண்டு, நெல் விதைத்தவர்களின் ஊர் அது. அங்கே வணிகர் மாளிகை எதுவும் எழுந்ததில்லை. கிடுகு வேய்ந்த மண்வீட்டிலிருந்து கல்வீட்டுக்கு மாறுவதே பல குடும்பங்களுக்கு ஒரு தலைமுறையின் உழைப்பாக இருந்தது. ஆயினும் மாளிகையின் உள்ளிருந்து மட்டுமே மாளிகையை மதிப்பிடல் வேண்டுமென்னும் நியதி இல்லை. செட்டிநாட்டுச் சுவர்களை அலங்கரித்த படங்களின் வழித்தோன்றல்களே வட்டக்கச்சியின் மண்சுவர்களிலும் தொங்கின. செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்த செல்வத்தில் ஒரு பகுதி இலங்கையில் உழைத்தவர்களின் வியர்வையிலிருந்து பெறப்பட்டது. ஆதலின் அம்மாளிகைகள் பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை வட்டக்கச்சிக்கும் உண்டு. எவ்வாறு என்பது பின்னர்த் தெளிவாகும்.

முதற்கண் பொருளாதாரப் பின்னணியை நோக்குவோம். உப்பு முதலிய பண்டங்களில் உள்நாட்டு வாணிகம் செய்து வந்த நகரத்தார், பிரித்தானியர் ஆட்சி பரவிய வழியே இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளுக்குச் சென்று கடன் வழங்கும் தொழிலில் ஈடுபட்டனர். ஐரோப்பிய வங்கிகள் உள்நாட்டு விவசாயிக்கோ சிறு வணிகருக்கோ நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. அவ்விடைவெளியை நிரப்பியோர் நகரத்தாரே. வங்கியிடம் தாம் பெற்ற பணத்தையும் தமது சமூகத்தினுள்ளே திரட்டிய முதலையும் சேர்த்து அதிக வட்டிக்குக் கொடுத்தனர். பர்மாவின் கீழ்ப்பகுதியில் ஐராவதி ஆற்றுச் சமவெளி நெல் வயலாக மாறியமைக்கு இக்கடன் பெருங்காரணமாயிற்று. 1930 இல் நெல்விலை வீழ்ச்சியுற்றபோது கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாத விவசாயிகளின் நிலங்கள் கடன் கொடுத்தோரிடம் சென்றன. பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930 இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நில உடைமை, 1937 இல் நூற்றுக்கு 25 பங்காக உயர்ந்தது. இவ்வெண்களில் ஒரு விவசாய சமூகத்தின் வீழ்ச்சி அடங்கியுள்ளது.

இலங்கையில் இவர்களின் நிலைக்களம் கொழும்புச் செட்டியார் தெரு. அத்தெருவின் கதிரேசன் கோயில்களும் 1874 இல் தொடங்கிய ஆடிவேல் விழாவும் அவர்தம் செல்வாக்கை இன்றும் நினைவூட்டி நிற்கின்றன. கோப்பித் தோட்டக் காலத்திலும் பின்னர்த் தேயிலை, தெங்குத் தோட்டங்கள் பெருகிய காலத்திலும் தோட்டத்துக்கும் அரிசி இறக்குமதிக்கும் வேண்டிய கடனில் அவர்களுக்குப் பெரும்பங்கு இருந்தது. பர்மாவில் விளைந்த நெல் அரிசியாகி மலையகத் தொழிலாளியின் உலைக்கு வந்தது. அங்கே நெல்லுக்குக் கடன் கொடுத்தவரும் இங்கே அரிசிக்குக் கடன் கொடுத்தவரும் ஒரே சமூகத்தினராக இருந்தனர். இச்சங்கிலியின் இறுதிக் கண்ணி செட்டிநாட்டில் ஒரு வீட்டின் முகப்பாக முடிந்தது. 1925 இல் கொழும்பிலும், 1930 இன் பின் பர்மாவிலும் தொழில் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 1942 இல் யப்பானியர் பர்மாவுட் புகுந்தபோது பலர் யாவற்றையும் கைவிட்டு ஊர் திரும்பினர். அதன்பின் அத்தகைய வீடுகளைக் கட்டும் பொருள்வளம் அச்சமூகத்திடம் இல்லாது போயிற்று. எனவே இவ்வீடுகளின் காலம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் அடங்கிவிடுகின்றது.

இனி வீட்டின் அமைப்பை நோக்குதல் வேண்டும். ஒரு தெருவில் வாயிலும் மறு தெருவிற் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் இவ்வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வன. முகப்பு விருந்தினரை வரவேற்கும் இடம். ஆடவரின் தொழிற் பேச்சு நிகழும் இடமும் அதுவே. வளவு என்பது நடுவே வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண்கள் தாங்கிய தாழ்வாரமும் கொண்டது. தாழ்வாரத்தை ஒட்டி மணமான ஒவ்வொரு மகனுக்கும் உரிய அறைகள் அமைந்திருக்கும். கணவனும் மனைவியுமாகிய ஒவ்வோர் இணையும் ஒரு புள்ளியாகக் கணிக்கப்படும். ஒரே கூரையின்கீழ் வாழினும் ஒவ்வொரு புள்ளியின் உடைமையும் தனித்தனியே பூட்டி வைக்கப்பட்டது. கணக்கெழுதும் சமூகம் தன் வீட்டையும் கணக்கேட்டைப் போலவே பத்தி பிரித்து அமைத்துக்கொண்டது எனலாம்.

இவ்வமைப்பை மனத்திற் கொண்டு நோக்கினால், வீட்டினுள் இருந்த பொருள்கள் மூவகைப்படுவது புலனாகும். முதலாவது வகை, முகப்பில் வைக்கப்பட்டவை. ஆளுயரக் கண்ணாடிகள், சரவிளக்குகள், ஐரோப்பியச் சித்திரங்கள், நிறுவனத்தின் முதல்வரது உருவப்படங்கள் ஆகியன இவற்றுள் அடங்கும். வருவோர்க்கு வீட்டின் நாணயத்தை உணர்த்துவதே இவற்றின் பணி. கடன் கொடுப்பவனிடம் வைப்புப் பணம் தருவோர்க்கு அவன் நிலைபேறு பற்றிய நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கையைச் சுவரும் தூணும் வழங்கின. இரண்டாவது வகை, வளவிலே கதவு நிலைகளுக்கு மேலே வரிசையாக மாட்டப்பட்ட தெய்வப் படங்கள். தஞ்சாவூர் ஓவியங்களும், கண்ணாடியின் பின்புறத்தில் வரையப்பட்ட படங்களும், இரவிவர்மாவின் அச்சுப் படங்களும் இவற்றுட் சேர்வன. இவற்றின் பணி வழிபாடும் மங்கலமும். மூன்றாவது வகை, அறைகளுட் பூட்டப்பட்ட சீர்ப்பொருள்கள். வெள்ளி, பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள், சுவீடனிலும் யப்பானிலும் செய்யப்பட்ட இனாமல் ஏனங்கள், மங்குச் சாமான்கள், பர்மாவின் அரக்குப் பெட்டிகள், ஓலையாற் பின்னிய கொட்டான்கள் என அவை விரியும். இவை பெண்ணின் உடைமை. திருமணத்தின்போது யாவரும் காணப் பரப்பப்பட்டு, பட்டியல் எழுதப்பட்டு, பின் அறையுள் அடைக்கப்பட்டன.

இங்கே ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. இம்மூவகையுள் எதுவுமே ஐரோப்பியர் கருதும் பொருளிற் கலைச் சேகரிப்பு அன்று. சேகரிப்பு என்பதற்குத் தெரிவு வேண்டும், ஒழுங்கு வேண்டும், ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் காணும் கண் வேண்டும். செட்டிநாட்டு வீட்டிற் பொருள்கள் சேர்ந்தமைக்குத் தொழில், வழிபாடு, உறவு என்னும் மூன்று தேவைகளே காரணமாயின. ஓர் அறையில் நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் இருந்தமை அவற்றைத் தேடியெடுத்த சுவைஞன் ஒருவன் இருந்தான் என்பதற்குச் சான்றாகாது. தாயும் பாட்டியும் கொண்டுவந்த சீர் தலைமுறை தலைமுறையாகக் குவிந்தது என்பதற்கே அது சான்றாகும். ஆகவே கலைக்களஞ்சியம் என இவற்றைப் புகழ்வோர் தாம் நூதனசாலையிற் பழகிய கண்ணை வீட்டின்மீது ஏற்றிப் பார்க்கின்றனர் எனக் கூறுதல் தவறாகாது.

அவ்வாறாயின் இவற்றுக்குக் கலை மதிப்பே இல்லையோ? உண்டு. ஆனால் அது வழக்கமாகச் சுட்டப்படும் இடத்தில் இல்லை. இறக்குமதியான கண்ணாடியும் விளக்கும் ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் உலகச் சந்தைக்கெனத் திரளாகச் செய்யப்பட்டவை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் செல்வர் வீடுகளில் இருந்த அதே பொருள்களே காரைக்குடிக்கும் வந்தன. அவற்றைக் கொண்டு செட்டிநாட்டின் கலையுணர்வை அளத்தல் இயலாது. உண்மையான கலைத்திறன் வெளிப்படுவது உள்ளூர்க் கைவினைஞரின் வேலையிலேயே. நிலைக்கதவின் மேல் கஜலட்சுமியையும் கொடிப்பின்னலையும் செதுக்கிய தச்சர், முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணச் சாந்தால் கண்ணாடி போல் மின்னும் சுவரை இழைத்த கொத்தர், முகப்பின் உச்சியில் இலக்குமிக்குப் பக்கத்திலே துப்பாக்கி ஏந்திய வெள்ளைச் சிப்பாயையும் சுதையில் வடித்தவர், ஆத்தங்குடியில் உள்ளூர் மணலும் சீமெந்தும் வண்ணமும் கொண்டு கண்ணாடித் தட்டின்மீது கைவார்ப்பாக ஓடு செய்தவர் ஆகியோரே அக்கலையின் ஆசிரியர்கள். ஐரோப்பிய ஓட்டுக்கு மாற்றாகத் தோன்றிய ஆத்தங்குடி ஓடு அதனினும் உயிர்ப்புடையதாய் இன்றும் செய்யப்படுகின்றது. கொட்டான் பின்னுதல் வீட்டுப் பெண்களின் கையிலேயே வளர்ந்த கலை. இவையெல்லாம் வெளியிலிருந்து வந்த வடிவத்தை உட்கொண்டு தமதாக்கிய முயற்சிகள்.

ஆனால் இக்கைவினைஞரின் பெயர்கள் எங்கே? வீடு கட்டியவர் எனச் சுவரிற் பொறிக்கப்பட்டிருப்பது உரிமையாளரின் பெயர். கட்டிய கைகளின் பெயர்களை அவ்வீடுகள் சுமக்கவில்லை. எந்தச் சேகரிப்பிலும் பொருளின் ஆசிரியனை அறிதல் முதற்கடன். அக்கடன் இங்கே நிறைவேற்றப்படவில்லை. செலவுக் கணக்கைச் சல்லிக்காசும் தவறாது எழுதிய சமூகம் கலைஞனின் கணக்கை எழுதாது விட்டமை, கலையை அச்சமூகம் எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதைப் புலப்படுத்துகின்றது.

இவ்விடத்து இன்னொரு வணிகரை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து. மொஸ்கோ நகரத்துத் துணி வணிகர் பாவெல் திரெத்தியாகோவ், 1856 தொடக்கம் தம் நாட்டில் தம் காலத்தில் வாழ்ந்த ஓவியர்களின் படைப்புகளை விலைகொடுத்து வாங்கினார். 1892 இல் அச்சேகரிப்பு முழுவதையும் நகரத்துக்கு நன்கொடையாக வழங்கினார். அவர் வாங்கியமையாற் பல ஓவியர் தொடர்ந்து வரைய முடிந்தது. அவர் கொடுத்தமையால் மக்கள் அவற்றைக் காண முடிந்தது. செட்டிநாட்டுச் செல்வம் தன் காலத்து ஓவியனை இவ்வாறு தேடிச் செல்லவில்லை. நவீன ஓவியக்கலை சென்னையில் வேர்விடத் தொடங்கிய காலத்தில் அம்மாளிகைகளின் சுவர்கள் அதற்கு இடமளித்ததாகக் கூறுதல் அரிது.

எனினும் நடுநிலை தவறலாகாது. செட்டிநாட்டார் பொதுவுக்கு வழங்கவேயில்லை எனின் அது பொய்யாகும். 1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியமைக்கு அண்ணாமலைச் செட்டியாரின் கொடை காரணமாயிற்று. 1943 இல் உருவான தமிழ் இசைச் சங்கத்துக்கும் அவரே முன்னின்றார். அழகப்பச் செட்டியார் காரைக்குடியிற் கல்லூரிகளை நிறுவினார். தமிழ்நாட்டின் பெருங்கோயில்கள் பலவற்றுக்கு அச்சமூகம் திருப்பணி செய்தது. கல்வி, இசை, கோயில் ஆகிய மூன்றும் அவர்கள் கண்ட பொதுவெளி. அத்திருப்பணியிலும் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. பழைய கற்றளிகளைப் பிரித்துப் புதிதாய்க் கட்டியதனாற் கல்வெட்டுகளும் முற்காலச் சிற்ப அமைதியும் அழிந்தன எனக் கலை வரலாற்றாசிரியர் வருந்துவர். புதிதாகவும் பெரிதாகவும் செய்தலே சிறப்பு என்னும் மனப்பாங்கு கோயிலிலும் வீட்டிலும் ஒன்றாகவே செயற்பட்டுள்ளது. பழமையைப் பழமையாகவே காக்கும் உணர்வு அப்போது உருவாகியிருக்கவில்லை என்பதே உண்மை.

அவ்வுணர்வு உருவானபோது மாளிகைகள் சிதையத் தொடங்கிவிட்டன. ஒரு வீட்டுக்குரிய பங்காளிகள் தலைமுறைதோறும் பெருகினர். சென்னையிலும் வெளிநாடுகளிலும் வாழ்வோர் பலர் தம் பங்கைப் பணமாகக் காண விரும்பினர். வீட்டைப் பங்கிட முடியாது, தூணைப் பங்கிடலாம். எனவே பல வீடுகள் இடிக்கப்பட்டு, தேக்குத் தூணும் நிலைக்கதவும் ஓடும் தனித்தனியே விலையாயின. காரைக்குடியின் முனீசுவரன் கோயில் தெரு பழம்பொருட் கடைகளுக்குப் பெயர்பெற்றது இவ்வாறே. வளவின் தெய்வப் படமும், பாட்டியின் சீர்ப்பாத்திரமும், முதல்வரின் உருவப்படமும் அத்தெருவில் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. அடையாளம் தெரியாத முன்னோரின் நிழற்படங்களைக்கூட அலங்காரத்துக்காக வாங்குவோர் உளர். இந்திய அரசு 1972 இல் இயற்றிய தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட பொருள்களுக்கே பெரும்பாலும் காப்பளிப்பது. ஆகையால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு உரிய பொருள்கள் பல, வயது போதாமையால் நெடுங்காலம் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

சிதறியதில் எது இழக்கப்பட்டது என நிதானித்தல் வேண்டும். பொருள் அழியவில்லை, அது வேறோர் உணவகத்திலோ மாடிவீட்டிலோ இருக்கின்றது. இழக்கப்பட்டது பொருள்களிடையே இருந்த தொடர்பு. எந்தக் கதவின் மேல் எந்தப் படம் இருந்தது, எந்தப் பெண் எந்த ஆண்டில் எந்த ஏனத்தைக் கொண்டுவந்தாள், அந்தக் கண்ணாடிக்குரிய பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்னும் செய்திகளே அவ்வீட்டை ஒரு வரலாற்று ஆவணமாக ஆக்கியவை. மேலே அவை சேகரிப்பு அன்று எனக் கூறப்பட்டது. இன்னும் திருத்தமாகச் சொல்வதாயின் அவை எழுதப்படாத ஆவணங்கள். கடையில் ஒவ்வொன்றாக விலைபோகும்போது அவ்வாவணத்தின் ஏடுகள் கழன்று பறக்கின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996 இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில் ஒரு செட்டிநாட்டு வீடு பெயர்த்துவந்து நிறுத்தப்பட்டுள்ளது. செட்டிநாட்டிலேயே சில வீடுகள் தங்குவிடுதிகளாகியுள்ளன. அப்பகுதியின் ஊர்த்தொகுதிகள் 2014 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக்கான உத்தேசப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கனவே. ஆயினும் கட்டடத்தைக் காத்தல் வேறு. கட்டடம் சொன்ன கதையைக் காத்தல் வேறு.

கதையைக் காத்த ஒருவர் அதே மண்ணில் வாழ்ந்தார் என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பம். காரைக்குடிக்கு அண்மையிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா 1926 இற் பிறந்தவர். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். 1950 அளவிலே தமிழ் அச்சு நூல்களைத் தேடித் தொகுக்கத் தொடங்கினார். நூல்களும் சஞ்சிகைகளும் மட்டுமன்றி, நாடகத் துண்டுப்பிரசுரம், திரைப்படப் பாட்டுப்புத்தகம், திருமண அழைப்பிதழ் எனப் பிறர் குப்பை என்று கருதிய தாள்களையும் அவர் சேர்த்தார். அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்தார்; குறிப்பெழுதினார்; தேடி வந்த ஆய்வாளர்க்குத் தம் வீட்டிலேயே எடுத்துக் கொடுத்தார். அவர் 1992 இல் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அங்கே இருந்தன. சிக்காகோப் பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கி, நாட்டைவிட்டு அகற்றாது சென்னையிலேயே வைத்தது. 1994 இல் அதுவே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. இந்நூற்றாண்டின் தமிழாய்வு அந்நூலகத்துக்குப் பட்டுள்ள கடன் பெரிது.

தெரிவு, ஒழுங்கு, பயன் என்னும் சேகரிப்பின் மூன்று இலக்கணங்களும் செட்டிநாட்டில் நிறைவுபெற்ற இடம் பலகை எழுதிய ஒருவரின் வீடு. பெல்ஜியக் கண்ணாடி ஒன்றின் விலைக்கு ஈடாகாத தாள்கள், மாளிகைகளின் பொருள்கள் சிதறிய அதே காலத்தில் ஒன்றுகூடின. செல்வம் சேகரிப்புக்குத் துணைசெய்யலாம்; அதனைத் தோற்றுவிப்பது செல்வமன்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. சேகரித்தவன் மறைந்தபின் சேகரிப்பு எங்கே தங்குகின்றது என்பதும் முக்கியமானது. ஈழத்தவரான ஆனந்த குமாரசுவாமி திரட்டிய இந்தியக் கலைச்செல்வம் இந்தியாவில் ஏற்பார் இன்மையால் 1917 இல் பொஸ்ரன் நூதனசாலையைச் சென்றடைந்தது. அவரும் அங்கேயே சென்று பணிபுரிந்தார். மெடிச்சி குடும்பத்தின் இறுதிப் பெண்மணியான அன்னா மரியா லூயிசா, தம் குடும்பத்தின் கலைப்பொருள் எதுவும் புளோரன்ஸ் நகரைவிட்டு அகலலாகாது என 1737 இல் உடன்படிக்கை செய்தமையாலேயே அந்நகரம் இன்றும் அவற்றைத் தன்னிடத்தே கொண்டுள்ளது. ஒரு தாளில் எழுதப்பட்ட நிபந்தனை ஒரு நகரத்தின் கலையைக் காத்தது. செட்டிநாட்டுப் பங்காளிகள் பலரும் கூடி அத்தகைய ஒரு தாளை எழுதியிருப்பின் வரலாறு வேறாயிருக்கும்.

இனி வட்டக்கச்சிக்குத் திரும்புவோம். இரவிவர்மா 1894 இற் பம்பாயில் அச்சகம் நிறுவி, தம் ஓவியங்களை வண்ண அச்சுப் படங்களாக வெளியிட்டார். ஓர் ஓவியம் பல்லாயிரம் பிரதிகளாயிற்று. செட்டிநாட்டு வளவுக்கு அப்படங்கள் சட்டமிட்டுச் சென்றன. அம்மரபைப் பின்பற்றிக் கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவர்தம் மாணாக்கரும் வரைந்த தெய்வ உருவங்கள் சிவகாசியில் அச்சாகிக் கலண்டர்களாயின. அத்தகைய படங்கள் கடல் கடந்து ஈழத்துக் கடைகளுக்கும் வந்தன. ஆண்டு முடிந்தபின் திகதிப் பகுதியைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்டுச் சுவாமி அறையில் மாட்டுவது ஈழத்துக் கமக்காரர் வீடுகளிற் பொதுவழக்கு. வளவின் இலக்குமிக்கும் மண்வீட்டு இலக்குமிக்கும் முகம் ஒன்றே. செல்வர் வீட்டில் அது நூற்றிலொன்று. கமக்காரன் வீட்டில் அது தனியொன்று. தனியொன்றாக இருந்தமையால் அது தெரிந்தெடுக்கப்பட்டது, நாள்தோறும் பார்க்கப்பட்டது. பூட்டிய அறையுட் பரம்பரைகள் காணாத வெள்ளிப் பாத்திரத்தைவிட அக்கலண்டர்ப் படமே தன் பார்வையாளனைப் பெற்றது எனல் மிகையாகாது.

உழைப்பின் தொடர்பும் அங்கேயே வந்து முடிகின்றது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத் தமிழர் பலர் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தனர். கிளிநொச்சிப் பிரதேசத்தின் வயல்களிலும் தோட்டங்களிலும் அவர்கள் மீண்டும் பிறர் நிலத்தில் உழைப்போராயினர். அவர்தம் முன்னோர் உண்ட அரிசியின் வட்டி செட்டிநாட்டில் ஒரு சரவிளக்கின் பகுதியாய் எரிந்திருக்கலாம். அவ்விளக்கு இன்று பழம்பொருட் கடையிற் கிடைக்கின்றது. ஆனால் விலைச்சீட்டிலே பர்மாவும் இல்லை, மலையகமும் இல்லை. பொருளோடு அதன் வரலாறும் எழுதப்படல் வேண்டும் என வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். வரலாறு இன்றி வியப்பது உழைத்தவனை இரண்டாம் முறை மறைப்பதாகும்.

2009 இன் தொடக்கத்தில் வட்டக்கச்சி முழுவதும் இடம்பெயர்ந்தது. காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், சில நிழற்படங்கள் என உயிரோடு கொண்டு செல்லத்தக்கவை மட்டுமே தெரிந்தெடுக்கப்பட்டன. அவற்றிலும் பல வழியிலேயே தொலைந்தன. மீண்டு வந்தபோது பலருக்குச் சுவரும் இருக்கவில்லை. சுவரில் இருந்த படமும் இருக்கவில்லை. செட்டிநாட்டு வீடு ஒன்று இடிபடும்போது அதனைப் படமெடுக்கவும் எழுதவும் உலகெங்குமிருந்து ஆய்வாளர் வருகின்றனர். அது தக்கதே. குடியேற்றக் கிராமத்து வீடு ஒன்றில் என்ன இருந்தது என்பதை எழுதுவாரும் தோன்றுதல் வேண்டும். முதற் குடியேறிகள் பயன்படுத்திய கருவி, காடு வெட்டிய காலத்து நிழற்படம், கோயில் முதல் திருவிழாத் துண்டுப்பிரசுரம், பாடசாலைச் சஞ்சிகை, மரண அறிவித்தல் ஆகிய ஒவ்வொன்றும் அவ்வூரின் எழுதப்படாத ஆவணங்கள். அவற்றைத் தேடித் தொகுப்பதற்கு மாளிகை தேவையில்லை. கோட்டையூரில் நிகழ்ந்தது அதைக் காட்டியுள்ளது.

வணிகர் மாளிகைகளின் கலைச் செல்வம் பற்றிய மதிப்பீடு இவ்வாறு முடிவுறுகின்றது. அவை வியக்கத்தக்க கைவினையின் இருப்பிடங்கள். ஆயின் அக்கைவினைக்குரியோரை மறந்தவை. அவை ஒரு காலத்தின் முழுமையான சான்றுகள். ஆயின் அச்சான்றைப் படிக்கும் வாய்ப்பைப் பிறர்க்கு அளியாதவை. பூட்டு இருந்தவரை அவை பாதுகாப்பாக இருந்தன. பூட்டுத் திறந்தபோது பட்டியல் இல்லாமையாற் சிதறின. பூட்டுவதற்கு அறையே இல்லாத ஊர்களைச் சேர்ந்த மாணவர்க்கு இவ்வரலாறு சொல்லும் பாடம் எளியது. எஞ்சியிருப்பனவற்றின் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்குதல் வேண்டும். பொருளின் பெயரோடு அதனைச் செய்தவரின் பெயரையும், அதனை வைத்திருந்தவரின் பெயரையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.